ஒற்றர் வித்தையில் எங்களுக்கு உதவுவது எது?

கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற ஆள். "சேர், படங்களில உளவாளியள் செய்யிறதுகளில எது உண்மை, எது புளுகு? இரகசிய எழுத்து, பொய் பிடிக்கிறது, ஒருக்காப் பாத்ததை மறக்காமல் வைச்சிருக்கிறது, இதுகளை எங்களைப் போல சாதாரண ஆக்கள் பழகலாமோ? பழகி என்ன பிரயோசனம்?"

தம்பி, பழகலாம். நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன். சாரணர் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. ஆனால் இந்தக் கலையில் எனக்கு முதல் வாத்தியார் சாரணர் இயக்கம் இல்லை, முள்ளியவளையில் இருந்த என்னுடைய அம்மம்மா.

எங்கள் வளவு முழுக்க மணல். பொழுதுபட முன்னம் அம்மம்மா முற்றத்தை ஈர்க்குத் தும்புத்தடியால் கூட்டுவா. குப்பை போகத்தான் கூட்டுகிறா என்று நான் கனகாலம் நினைத்திருந்தேன். விடிய எழும்பி, ஒருவரும் முற்றத்தில் கால் வைக்க முதல், திண்ணையில் நின்று ஒருக்கால் சுற்றிப் பார்ப்பா. "ராத்திரி மரநாய் வந்திருக்கு. கோழிக்கூட்டுப் பக்கம் போகேல்லை." "பாம்பு ஒண்டு கிணத்தடியால போயிருக்கு, இந்தப் பக்கம் வரேல்லை." பேப்பர் வாசிக்கிற மாதிரித்தான். ஒருநாள் படலையடியில் செருப்புத் தடம். உள்ளே வந்த தடம் இருக்கிறது, வெளியே போன தடம் இல்லை. அம்மம்மா சத்தம் போடாமல் அப்புவைத் தட்டி எழுப்பினா. வைக்கோல் போருக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது எங்கள் சித்தப்பா. தவறணையில் இருந்து வந்தவர், வீட்டுக்குள் வரப் பயந்து அங்கேயே படுத்துவிட்டார்.

இதில் என்ன வித்தை? அம்மம்மாவுக்குக் கழுகுக் கண் இல்லை; கண்ணில் பூ விழத் தொடங்கின காலம் அது. அவ செய்ததெல்லாம், ஒன்றும் எழுதாத தாள் மாதிரி முற்றத்தை வைத்துவிட்டுப் படுத்ததுதான். வழமை எது என்று தெரிந்தால், வழமைக்கு மாறானது தானாகக் கண்ணில் குத்தும். ஒற்றர் தொழிலின் முக்கால்வாசி இதுதான். துப்பாக்கியும் கறுப்புக் கண்ணாடியும் மிச்சக் கால்வாசியில்கூட அரிது.

அங்காலே போக முதல் ஒரு விசயம். வேறு ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு 'உளவாளி' என்பது விளையாட்டுச் சொல். எங்கள் பக்கத்தில் அதைச் சந்தியில் நின்று உரக்கச் சொல்லமாட்டோம். சுற்றிவளைப்பில் சனத்தை வரிசையாக நடக்கவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு இருந்த ஒருவரின் தலை ஆடுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. 'தலையாட்டி' என்றால் மற்ற ஊரில் பொம்மை. இங்கே அது பொம்மை இல்லை, தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுத்தவர். ஆகவே ஆட்களைப் பின்தொடர்வது, அடுத்தவரின் போனைக் கிண்டுவது, பூட்டுத் திறப்பது, இதுகளைப் பற்றி என்னிடம் கேட்காதையுங்கோ. தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

சரி, காட்டுக்கு வருவம். ஆட்காட்டிக் குருவியின் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாரும். ஆளைக் காட்டுவதால் ஆட்காட்டி. குளத்தங்கரையில், வயல்வெளியில் தரையிலேயே முட்டை இடுகிற பறவை. ஆளோ நாயோ கிட்ட வந்தால் கத்திக்கொண்டு மேலே சுற்றும். இரவில் காவல் கொட்டிலில் படுத்திருக்கிற கமக்காரன் நாய் குரைப்பதைவிட ஆட்காட்டி கத்துவதைத்தான் பெரிதாக எடுப்பான். குரங்குகள் மரத்தில் இருந்து ஒரே திசையைப் பார்த்துக் கத்தினால் கீழே ஏதோ நடமாடுகிறது. தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்து ஒரு பக்கத்தில் மட்டும் திடீரென்று அடங்கினால், அந்தப் பக்கம் யாரோ நடக்கிறார்கள். சத்தத்தைக் கேட்பது எல்லாருக்கும் வரும். சத்தம் நின்றதைக் கேட்கத்தான் பழக வேண்டும்.

காட்டுப் பாதையில் விடிய நடக்கும்போது முகத்தில் சிலந்தி வலை ஒட்டினால் எரிச்சல்படாதையும். உமக்கு முன்னம் அந்தப் பாதையால் ஆள் உயரத்தில் ஒருவரும் போகவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. புல்லில் பனி கலைந்து கோடு மாதிரி இருந்தால் யாரோ முந்திவிட்டார்கள். யானைத் தடம் கண்டால் முன்னங்கால் தடத்தைத் தேடும்: அது வட்டமாக இருக்கும், பின்னங்கால் தடம் நீள்வட்டம். முன்னங்கால் தடத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். நாலரை அடிச் சுற்றளவு என்றால் ஒன்பதடி யானை. (பிண்டம் இன்னும் ஆவி பறக்கிறது என்றால் அளந்துகொண்டு நிற்காதையும், வந்த வழியே திரும்பும்.) நாயின் தடத்தில் நகம் பதியும், சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் பதியாது. கரடி புற்றைக் கிண்டின இடத்தில் நீள நகக் கீறல் நிற்கும்.

ஆனால் இங்கே ஆவலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில்தான் சேர்ந்தது. அகற்றும் வேலை அதற்குப் பல வருடம் முன்னமே தொடங்கி நீண்டுகொண்டு போகிறது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் அப்பால் எவ்வளவு நல்ல தடம் இருந்தாலும் வேண்டாம். தெரியாத இரும்பு எதையும் குனிந்து எடுத்துப் பார்க்காதையும். கண்ட இடத்தை மனதில் குறித்துக்கொண்டு வந்த தடத்திலேயே திரும்பிவந்து சொல்லும். எங்கள் பிள்ளைகள் அ, ஆவன்னாவோடு சேர்த்துப் படித்த அவதானிப்புப் பாடம் அது.

திசையும் நேரமும் பற்றிக் கொஞ்சம். இணையத்தில் ஒரு வித்தை திரிகிறது: கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையில் நாலு விரல் கொண்டால் பொழுதுபட ஒரு மணித்தியாலம் என்று. வட நாடுகளில் சூரியன் சரிவாக இறங்குகிறது, அங்கே அது ஓரளவு பொருந்தும். நாங்கள் இருப்பது 9 பாகை வடக்கு. இங்கே சூரியன் கிட்டத்தட்ட நிமிர்ந்து விழுகிறது, மணித்தியாலத்துக்கு 15 பாகை வீதம். நீட்டின கையின் பொத்தின முட்டி ஏறக்குறைய 10 பாகை. அப்படியென்றால் ஒரு முட்டிக்கு நாற்பது நிமிடம்தான். நாலு விரலை நம்பிக் காட்டுக்குள் நின்றால் இருட்டில்தான் வெளியே வருவீர். எங்கள் பக்கம் மம்மலும் கெதியில் கருகிவிடும்.

அதே கணக்கு இரவிலும் உதவும். துருவ வெள்ளி அடிவானத்தில் இருந்து எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ அதுதான் நிற்கிற இடத்தின் அகலக்கோடு. வன்னியில் அது வடக்கே ஒரு முட்டி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். மரம் மறைக்கும் என்பதால் காட்டுக்குள் பிரயோசனம் இல்லை, குளக்கட்டில் ஏற வேண்டும். தை மாதத்து இரவுகளில் ஒரே கோட்டில் நிற்கிற மூன்று வெள்ளிகளைப் பார்த்திருப்பீர். அந்த மூன்றும் கிட்டத்தட்ட நேர் கிழக்கில் எழும்பி நேர் மேற்கில் விழும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், போன் வெளிச்சத்தை ஒரு தரம் பார்த்தால் எல்லாம் போய்விடும். எதிரே வாகன வெளிச்சம் வந்தால் ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளும். வாகனம் போனபிறகு பொத்தின கண்ணுக்கு றோட்டில் யானை நிற்பது தெரியும்.

இனி ஞாபகம். சாரணரிடம் ஒரு பழைய விளையாட்டு உண்டு. சுளகில் இருபது பொருட்களைப் பரப்பி, ஒரு நிமிடம் காட்டி, துணியால் மூடிவிடுவோம். பிறகு கொப்பியில் எழுத வேண்டும். முதல் நாளில் அனேகமாக எல்லாரும் பத்துப் பன்னிரண்டில் நிற்பார்கள். இரண்டு கிழமை விடாமல் செய்தால் பதினெட்டு வரும். ஆனால் பேர் எழுதினால் மட்டும் போதாது. "சாவி எத்தனை பல்லு? பேனையின் மூடி எந்தப் பக்கம் பாத்தது?" என்று கேட்டால்தான் கண் உண்மையில் வேலை செய்யும். நான் சில நாட்களில் கள்ளமாக ஒரு பொருளை எடுத்துவிட்டு "என்ன குறையுது?" என்று கேட்பேன். இருப்பதைப் பட்டியல் போடுகிற பிள்ளைக்கு இல்லாததைக் காண்பது கஷ்டம். மறுபடியும் அம்மம்மாவின் முற்றம்தான்.

நீளமான பட்டியலை வரிசை மாறாமல் நினைவில் வைக்க வேறு வழி. சைமனிடிஸ் என்ற கிரேக்கக் கவிஞர் கண்டுபிடித்ததாக ஒரு மரபு. ரோமப் பேச்சாளர்கள் இதை வைத்துத்தான் தாள் பாராமல் மணிக்கணக்கில் பேசினார்கள். நன்றாகத் தெரிந்த ஓர் இடத்துக்குள் மனதால் நடந்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு பொருளை வைப்பது. அவர்களுக்கு மாளிகை இருந்தது. எங்களுக்கு ஏ9 றோட்டு இருக்கிறது. வவுனியா, தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், கொக்காவில், முறிகண்டி, இரணைமடுச் சந்தி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போனாலும் வரிசை மாறாது. வாங்க வேண்டிய சாமானை இதில் மாட்டும். வவுனியா மணிக்கூட்டுக் கோபுரத்தில் இருந்து மண்ணெண்ணெய் ஒழுகுகிறது. ஓமந்தையில் முன்னைய சோதனைச் சாவடிக் காலம் மாதிரி நீள வரிசை, எல்லார் கையிலும் பனடோல். புளியங்குளத்தில் புளியமரம் நிறைய நுளம்புத்திரி தொங்குகிறது. முறிகண்டியில் தேங்காய்க்குப் பதிலாக முட்டை உடைக்கிறார்கள், பிள்ளையார் பொறுத்துக்கொள்வார். ஆனையிறவு உப்பளத்தில் ஒருவன் யூரியா கொட்டுகிறான். படம் எவ்வளவு கோணலாக இருக்கிறதோ அவ்வளவுக்கு மறக்காது. ஒழுங்கான படம் மனதில் நிற்காது, ஏனென்றால் அது வழமை.

இப்போது நீர் உண்மையில் கேட்க வந்த விசயம், இரகசிய எழுத்து. மறைப்பதில் இரண்டு வகை. எழுத்து இருப்பதையே மறைப்பது ஒன்று. எழுத்துத் தெரியட்டும், பொருளை மறைப்பம் என்பது மற்றது. முதல் வகைக்கு அழகான உதாரணம், சாரணர் இயக்கத்தைத் தொடங்கின பேடன் பவல். வண்ணத்துப்பூச்சி பிடிக்கிறவர் போல வலையோடு திரிந்து, கோட்டைகளின் அமைப்பையும் பீரங்கி நிற்கிற இடங்களையும் வண்ணத்துப்பூச்சிச் செட்டையின் கோலங்களுக்குள் வரைந்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார்.

வீட்டில் செய்யக்கூடியது தேசிக்காய்ச் சாறு. சாற்றில் கொஞ்சம் தண்ணி விட்டு, ஈர்க்கின் நுனியில் பஞ்சைச் சுற்றி எழுதும். பேனை முள்ளால் எழுதினால் தாளில் கீறல் விழுந்து, வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தாலே காட்டிக்கொடுத்துவிடும். காய்ந்த பிறகு சூடான ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தால் கபில நிறத்தில் எழுத்து வரும். சாறு பட்ட இடம் மற்ற இடத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகுவதால் வருகிற வேலை இது. பாலும் அப்படித்தான். நெருப்புக்கு மேலே பிடிக்காதையும். எங்கள் பெடியன் ஒருவன் பிடித்து, சேதியும் போய், கண் இமை மயிரும் போனது. வெறும் தாளில் எழுதுவதும் பிழை. வெறும் தாளை மடித்துக் கடித உறையில் போட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். "இங்கு யாவரும் நலம்" என்று பேனையால் ஒரு சாதாரண கடிதம் எழுதி, அதன் வரிகளுக்கு இடையில்தான் சாறு போக வேண்டும்.

இது சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்காதையும். முதலாம் உலகப் போரில் லண்டனில் இருந்து ஜெர்மனிக்குச் சேதி அனுப்பின கார்ல் முல்லர் இதே எலுமிச்சஞ்சாற்றைத்தான் நம்பினார். கடிதங்களைத் தணிக்கைக்காரர் சூடாக்கிப் பார்த்தார்கள். 1915 ஜூனில் அவரை லண்டன் டவர் கோட்டையில் சுட்டார்கள். அவருக்கு எதிரான சாட்சிப் பொருட்களில் ஒன்று எலுமிச்சம்பழம்; சுருங்கிக் கறுத்துப்போய், பிரித்தானிய ஆவணக் காப்பகத்தில் இன்னும் இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த வித்தையில் உயிரை வைக்கக்கூடாது. நண்பனுக்குப் பிறந்தநாள் சேதி அனுப்பலாம்.

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. கலியாண வீட்டில் ஆரத்தி கரைப்பதைப் பார்த்திருப்பீர்: மஞ்சள் தண்ணிக்குள் சுண்ணாம்பு விழுந்தவுடன் இரத்தச் சிவப்பு. அதைத் தாளுக்குக் கொண்டுவாரும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணியில் கலக்கி, தெளியவிட்டு, மேலே நிற்கிற தெளிவால் எழுதிக் காயவிடும். பிறகு கரைத்த மஞ்சளைப் பஞ்சில் தொட்டுத் தாளில் பூசினால் எழுத்துச் சிவப்பாக எழும்பும். சூடு தேவையில்லை. சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். இன்னொன்று, துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணியால் எழுதி, கடும் சாயத் தேத்தண்ணியைப் பூசுவது. எழுத்துக் கறுப்பாக வரும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. முந்தி கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே இரசாயனம்தான்.

இரண்டாவது வகை, பொருளை மறைப்பது. நாங்கள் சின்னனில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'க' போட்டுக் கதைப்போம். பெரியவர்களுக்கு விளங்காது என்று நினைத்தோம், அவர்களும் சின்னனில் அப்படித்தான் கதைத்திருக்கிறார்கள். தமிழுக்கென்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. மெய்யெழுத்துப் பதினெட்டு. அதை இரண்டு வரியாக எழுதும்:

க ங ச ஞ ட ண த ந ப
ம ய ர ல வ ழ ள ற ன

மேலே உள்ளதற்குக் கீழே உள்ளது, கீழே உள்ளதற்கு மேலே உள்ளது. உயிரெழுத்துக்கும் கால், கொம்பு, விசிறிக்கும் கை வைக்கத் தேவையில்லை. வன்னி 'டப்பி' ஆகிவிடும். மாங்குளம் 'காய்முதக்'. முல்லை 'குஞ்ஞை', கேட்கவே வாஞ்சையாக இருக்கிறது. பூட்டவும் திறக்கவும் ஒரே அட்டவணை என்பதுதான் இதன் வசதி.

உடைப்பது எப்படி? ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல் கிந்தி என்ற அறிஞர் வழி சொல்லிவிட்டார்: எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணு. தமிழில் எண்ணாமலே பாதி உடைத்துவிடலாம். தமிழ்ச் சொல் டகரத்தில் தொடங்காது, ஆனால் இந்த முறையில் வகரச் சொல் எல்லாம் டகரத்தில் தொடங்கும். மகர மெய்யில் முடிகிற சொல் எங்களுக்கு ஏராளம். அதெல்லாம் இங்கே 'க்' என்று முடியும். எங்கள் மொழியில் 'ர்ர' என்று இரட்டிப்பு இல்லை. அது வந்தால் 'ச்ச' ஒளிந்திருக்கிறது. இலக்கணம் தெரிந்தவனிடம் இந்தப் பூட்டு ஐந்து நிமிடம் நிற்காது. ஆனால் இதை உடைக்கப் பழகிய பிள்ளைக்கு மொழிமுதல் எழுத்தும் மெய்மயக்கமும் பிறகு மறக்காது. நன்னூல் படிப்பிக்கிற ஆசிரியர்கள் கோபிக்கக்கூடாது.

உடைக்கவே முடியாத முறை ஒன்று இருக்கிறது. சேதியின் நீளத்துக்கு ஒழுங்கே இல்லாத எழுத்து வரிசை ஒன்றைச் சாவியாக வைத்து, ஒரே ஒருதரம் பாவித்துவிட்டு எரித்துவிடுவது. கணக்கு முறையில் அது உடையாது என்று அமெரிக்கக் கணித அறிஞர் குளோட் ஷானன் நிறுவினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோவியத் ஆட்கள் அவசரத்தில் அதே சாவித் தாள்களை இரண்டு தரம் பாவித்தார்கள். அமெரிக்கர் 1943இல் தொடங்கி 1980 வரை இருந்து அந்தச் சேதிகளைத் துருவினார்கள். ஒரே கடவுச்சொல்லை முகநூலுக்கும் வங்கிக்கும் வைத்திருக்கிறவர் இதை இன்னொருக்கால் வாசிக்கவும்.

பொய் பிடிப்பது பற்றி நீர் கேட்டதற்கு என் பதில் உமக்குப் பிடிக்காது. முகத்தைப் பார்த்துப் பொய் கண்டுபிடிக்கலாம் என்பது படத்தில்தான். நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2006இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், ஆட்கள் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தது 54 சதவீதம். காசைச் சுண்டினாலே 50 வரும். கண்ணைப் பார்க்காமல் கதைக்கிறவன் கள்ளன் என்பார்கள். எங்கள் ஊரில் பெரியவர்களின் கண்ணைப் பார்க்காமல் கதைப்பது மரியாதை. பதகளிப்பு வேறு, பொய் வேறு. கேள்வியில் சாமர்த்தியம் காட்டினால் கொஞ்சம் வெளிக்கும்: நடந்ததைக் கடைசியில் இருந்து முன்னுக்குச் சொல்லச் சொல்லும். எதிர்பாராத சின்ன விபரம் கேளும், "பஸ்ஸில எந்தப் பக்கம் இருந்தனீர்?" என்ற மாதிரி. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரும். மௌனம் தாங்காமல் மற்றவர் நிரப்புவார்.

தகவல் எடுப்பதில் ஒற்றர்களுக்கு இன்னொரு பழக்கம்: கேள்வி கேட்காமல் பிழையாகச் சொல்வது. சந்தையில் நெல் என்ன விலை போகிறது என்று தரகரிடம் கேட்டால் அவர் உமது முகத்தைப் பார்த்து விலை சொல்லுவார். "போன கிழமையைவிட இறங்கிப் போச்சாமே" என்று சும்மா சொல்லிப் பாரும். "ஆர் சொன்னது?" என்று உண்மையை வைத்துத் திருத்துவார். மனிதருக்குப் பிழையைத் திருத்தாமல் இருக்க ஏலாது. இதே வித்தையைத்தான் வங்கியில் இருந்து கதைக்கிறோம் என்று போன் எடுக்கிறவனும் பாவிக்கிறான்: "உங்கட அடையாள அட்டை இலக்கம் இதுதானே?" என்று பிழையான ஒன்றைச் சொல்லுவான். திருத்திவிட்டீர் என்றால் கொடுத்துவிட்டீர். போனை வைத்துவிட்டு, வங்கிப் புத்தகத்தில் இருக்கிற இலக்கத்துக்கு நீராக எடும்.

திருவள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே, ஐம்பத்தொன்பதாவதை, ஒதுக்கியிருக்கிறார். அதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு நடைமுறை: ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேரின் சொல் ஒத்துவந்தால் நம்பு. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒரு பெடியன் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோ கேட்போம். டைனமோ தருவது ஆடலோட்டம். விபரம் தெரிந்தவர்கள் இடையில் இருவாயியும் (டயோட்) கொள்ளளவியும் (கப்பாசிற்றர்) போட்டு நேரோட்டம் ஆக்கினார்கள், தெரியாதவர்கள் இரைச்சலோடு கேட்டார்கள். ஒரு நிலையம் கேட்டுவிட்டு ஒருவரும் எழும்பமாட்டார்கள். பிபிசி தமிழோசை, வெரித்தாஸ், பிறகு கொழும்புச் செய்தி. மூன்றிலும் ஒத்துவந்த ஊர்ப் பெயரைத்தான் உண்மை என்று எடுப்பார்கள். பெடல் சுற்றுகிறவனுக்குக் கை ஓயும்வரை குறள் நடந்துகொண்டிருந்தது. இப்போது ஒரே செய்தி ஏழு வாட்சப் குழுவில் வந்தால் ஏழு சாட்சி என்று நினைக்கிறார்கள். ஏழும் ஓர் இடத்தில் இருந்து வந்ததாக இருந்தால் அது ஒரே ஒற்றன்தான். ஒருவரை ஒருவர் அறியாதவராக இருக்க வேண்டும் என்று வள்ளுவர் வைத்த நிபந்தனையைத்தான் மறந்துவிடுகிறோம்.

போன் பற்றிச் சுருக்கமாக. விடுதி அறையில் ஒளித்த கமரா இருக்கிறதோ என்று பயமென்றால் லைற்றை அணைத்துவிட்டு, போனின் முன்பக்கக் கமராவால் சுற்றிப் பாரும். இருட்டில் பார்க்கிற கமராவின் அகச்சிவப்பு விளக்குப் பல போன்களில் வெளிறின புள்ளியாகத் தெரியும். உமது போனுக்கு அது தெரியுமா என்று முதலில் டிவி றிமோட்டை அமத்திச் சோதியும். படத்துக்குள் எடுத்த இடத்தின் விபரம் ஒளிந்திருக்கலாம். வாட்சப்பில் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். கொப்பியில் எழுதின கடவுச்சொல்லைக் கிழித்து எறிந்தாலும் அடுத்த தாளில் அழுத்தம் இருக்கும், பென்சிலால் மெல்லத் தடவினால் வெளியில் வரும். அலுமாரியை யாரோ திறக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் கதவிடுக்கில் ஒரு மயிர் ஒட்டிவிட்டுப் போவது படத்தில் நல்லாயிருக்கும். வன்னிக் காற்றுக்கு அது நிற்காது. போக முன்னம் ஒரு படம் எடுத்துவிட்டுப் போம், வந்து ஒத்துப்பாரும். அதுவும் கூட்டின முற்றம்தான்.

மிச்சத்தை நேரில் வந்து கேளும். சுளகும் இருபது சாமானும் ஆயத்தமாக வைத்திருப்பேன். கிளிநொச்சியில் இருந்து பஸ் ஏறினால் வழியில் எங்கே நிற்கும் என்று உமக்குத் தெரியும். அங்கே இறங்க முதல் இதைத் திறந்து வாசியும்:

குநிமழ்விம் மர்ராப் டாய்மி டா.